நீலப் பக்கம் திருப்புங்க

போட்டோ எடுக்க வரச் சொல்லி யார் போன் செய்தாலும் அந்த அக்கா முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "என்ன கலர்ல கட்டுவீங்க?" நாள், நேரம், எந்த ஊர், எத்தனை பேர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பழகாதவர்களுக்கு அது வில்லங்கமான கேள்வியாகப் பட்டது. மலைமேல் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அப்படித் திண்ணனூர் நாட்டுப் பெரியவர் ஒருவர், "படம் புடிக்கறதோட உன்ற சோலி முடிஞ்சுது. நான் என்ன கட்டுனா உனக்கென்னம்மா?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அக்கா மறுபடியும் அவரைக் கூப்பிட்டார். "மயில் கழுத்துக் கலரு மட்டும் வேண்டாமுங்க. மத்த எதுனாலும் கட்டிட்டு வாங்க" என்றார். அந்தப் பெரியவர் விவரம் தெரிந்த நாளிலிருந்து வெள்ளை வேட்டியைத் தவிர வேறெதையும் கட்டியவரில்லை.

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எடுத்த படங்களில் ஒன்றில்கூட மூலையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சம்மதிக்காதவர் அவர். ஒருமுறை நான் ஆசையாகப் பெயரை டிசைன் செய்து ஒரு படத்தின் ஓரத்தில் வைத்துக் காட்டினேன். "அவிங்க மூஞ்சிக்குப் பக்கத்துல எம்பேரு எதுக்கு? எடுத்துரு கண்ணு" என்றார். எடுத்துவிட்டேன். எடுப்பதுதானே என் வேலை.

நான் அப்போது காரவள்ளியில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் பெண்ணாக இருந்தேன். ஜெராக்ஸ், விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஃபிளெக்ஸ் பேனர் எல்லாம் உண்டு. அக்கா மலைமேல் இருந்தார். ஊர் ஊராகப் போய் படம் எடுத்து, மெமரி கார்டைத் தெரிந்தவர்களிடம் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். வாரத்துக்கு ஒரு நாள் தானே இறங்கி வருவார். நான் படத்திலிருந்து ஆளை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் விண்ணப்பம் என்றால் வெள்ளையும், காதணி விழா பேனர் என்றால் அரண்மனையோ அருவியோ வைத்துக் கொடுப்பேன். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அருவி கொட்டிக்கொண்டிருக்கிற ஜனங்கள், பேனரில் எந்த நாட்டு அருவியோ ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை என்று சொன்னால் பொய்.

ஆளை வெட்டுவது என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மலையில் எங்கே நின்றாலும் பின்னால் ஏதாவது ஒன்று முளைத்து நிற்கும். மிளகுக் கொடி, விறகுக் கட்டு, மரவள்ளிச் செடி, நடுவில் புகுந்த கோழி. ஒவ்வொரு தலைமுடியும் எந்த இலைக்குள் போகிறது என்று தேடித் தேடி என் கண் பூத்துப் போனது. ஒரு நாள் எரிச்சலில், "அக்கா, சினிமாவுல பச்சைத் துணி கட்டித்தான் எடுக்கறாங்க. நீங்களும் ஒண்ணு வாங்குங்க. பச்சையைத் தொட்டா பச்சை பூராவும் ஒரே தட்டுல போயிரும், எனக்கு ஒரு நிமிச வேலை" என்றேன். பெரிய மேதை மாதிரி சொன்னேன். அக்கா அப்படியே நம்பி ஒன்று வாங்கினார்.

அந்தத் துணியோடு அவர் போன முதல் இடம் குண்டூர் நாட்டில் ஒரு பள்ளிக்கூடம். அடையாள அட்டைக்கான படங்கள். மறுநாள் கார்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் முதல் படத்தைத் திறந்து பச்சையைத் தொட்டேன். பச்சை போனது. பிள்ளையின் உடம்பும் போனது. பள்ளிச் சீருடை பச்சை. தலையும் இரண்டு கைகளும் மட்டும் வெள்ளையில் மிதந்தன. அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாம் அதே கதி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "பெத்தவங்க பாத்தா என்ன நெனப்பாங்க? மூடு கண்ணு" என்றார். மூடினேன். லீவு நாளில் அத்தனை பிள்ளைகளையும் திரும்ப வரவழைத்து, ஒவ்வொருவராக நிறுத்தி எடுத்து முடித்தார். துணியின் நிறத்தைச் சொன்னது நான். சீருடை என்ன நிறம் என்று கேட்காமல் சொன்னதும் நான். பள்ளிக்கூடத்தில் அத்தனை பேரிடமும் அக்கா தன் தப்பு என்றே சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார் என்று எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்குப் பிறகுதான் போனில் அந்தக் கேள்வி தொடங்கியது.

புதுத் துணி வாங்க என்னையும் சேந்தமங்கலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு துணி வாங்குவதற்கு அரை நாள் ஆகும் என்று தெரிந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். கடைக்காரர் முதலில் பளபளவென்று ஒன்றை எடுத்துப் போட்டார். அக்கா அதைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மினுங்குதுங்க. மினுங்குற எடம் வெள்ளையாத் தெரியும், அது வெட்டுப்படாது" என்று திருப்பிக் கொடுத்தார். இன்னொன்று மெல்லிசு. பின்னால் வெயில் அடித்தால் ஊடுருவும் என்று அதையும் தள்ளினார். கடைசியில் உள்பாவாடைத் துணி அடுக்கியிருந்த அலமாரியைக் காட்டினார். மினுங்காத பருத்தி, எல்லா நிறத்திலும் இருந்தது.

"பாவாடைக்குங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"போட்டோவுக்குங்க" என்றார் அக்கா. கடைக்காரர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அக்கா ஒவ்வொரு நிறத்தையும் தன் முழங்கையில் வைத்துப் பார்த்தார். ரோஸும் சிவப்பும் தோலோடு ஒட்டிக்கொள்கின்றன என்று ஒதுக்கினார். மஞ்சள் வேண்டாம், மஞ்சள் பூசின முகமும் தோடும் போய்விடும். கறுப்பு என்றால் முடியைத் தின்றுவிடும். வெள்ளை என்றால் வேட்டியைத் தின்றுவிடும். மிஞ்சியது பச்சையும் நீலமும்தான். இரண்டிலும் மலையில் சேலை உண்டு, சட்டை உண்டு. ஆனால் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் உடுத்துவது அபூர்வம். அதனால் இரண்டையும் வாங்கி, முதுகோடு முதுகு வைத்துத் தைத்துவிட்டார். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். இரட்டைத் துணி ஆனதால் வெயிலும் ஊடுருவவில்லை. இரண்டு பக்கமும் உதவாத ஒரே உடுப்பு, பச்சையும் நீலமும் கலந்த மயில் கழுத்துச் சேலை. பெரியவரிடம் அவர் வேண்டாம் என்றது அதைத்தான்.

துணியை மடிக்கவே மாட்டார். மடித்தால் கோடு விழும், கோடு விழுந்த இடத்தில் நிழல் நிற்கும். இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில் கழி கோத்து, பாய் மாதிரி சுருட்டித்தான் கொண்டு போவார். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர், "மறுபடியும் சாமி கொடியா?" என்பார். மலைப்பாதையின் எழுபது வளைவுக்கும் மற்றவர்கள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அக்கா இரண்டு முழங்காலுக்கு நடுவே கழிகளை இடுக்கி, இரண்டு கையாலும் துணியை அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்ந்து சாய்ந்து எழுந்திருப்பார். ஒருமுறை, என் சொந்த வேலையாக மலைக்குப் போய்த் திரும்பும்போது, பக்கத்தில் இருந்தது நான். காரவள்ளியில் இறங்கும்போது என் தோள் வலித்தது.

படம் எடுக்கும் இடத்தில் அந்த வீட்டு ஆட்களே இரண்டு பேர் ஆளுக்கொரு கழியைப் பிடித்து, துணியை விரித்து நிற்க வேண்டும். பச்சை உடுத்தியவர் வந்தால், "நீலப் பக்கம் திருப்புங்க" என்பார். திருப்புவது என்றால் பிடித்திருக்கிற இருவரும் இடம் மாறி நடக்க வேண்டும். புருஷன் இந்தப் பக்கம், பெண்டாட்டி அந்தப் பக்கம் என்று புறப்பட்டு, நடுவில் முட்டிக்கொண்டு, துணி இருவரையும் சுற்றிக்கொண்டு, வீடே சிரிக்கும். படம் எடுத்துக்கொள்பவர் துணியை ஒட்டி நிற்கக் கூடாது. "மூணு எட்டு முன்னால வாங்க. துணியோட நெழலும் ஒட்டக் கூடாது, நெறமும் ஒட்டக் கூடாது" என்பார். பறக்கிற முடியை அடக்க ஒரு சின்னத் தேங்காய் எண்ணெய் பாட்டில் வைத்திருந்தார். நான் வெட்டும்போது சிரமப்படக் கூடாது என்பதற்காக மலையில் பாதிப் பேருக்குத் தலை வாரிவிட்டவர் அவர்.

இவ்வளவு பார்க்கிறவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என் உயிரை வாங்கினார். கிட்டப் போய் எடுக்க மாட்டார். துணியின் இரண்டு ஓரமும், பிடித்திருக்கிற இருவரும் தலையிலிருந்து கால்வரை தெரிகிற மாதிரி தள்ளி நின்றுதான் எடுப்பார். அது மட்டுமில்லாமல், பிடிப்பவர்களையும் தலை சீவச் சொல்வார், சேலையைச் சரி பண்ணச் சொல்வார், "நீங்களும் இங்க பாருங்க" என்பார். படத்தில் வேண்டிய முகம் கட்டைவிரல் அளவில் இருக்கும். அதைப் பெரிதாக்கினால் மங்கும்.

"கிட்டப் போய் எடுங்கக்கா. ஓரத்துல நிக்கறவங்களை நான் எப்படியும் வெட்டித்தானே போடறேன்? அவங்க எதுக்குத் தலை சீவோணும்?" என்று ஒரு நாள் சண்டைக்கே போய்விட்டேன்.

"நிக்கறாங்கல்ல கண்ணு" என்றார்.

"நின்னா?"

"கை வலிக்க நிக்கறாங்க. அவிங்களப் பாக்காம எப்படிப் படம் எடுக்கறது?" அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரமும் அதே மாதிரிதான் எடுத்துக்கொண்டு வந்தார். நான் முனகிக்கொண்டே வெட்டினேன்.

ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் கேட்பார். "அசல் இருக்குதா கண்ணு?" வெட்டாத முழுப் படத்தைத்தான் அசல் என்பார். அது என்னிடம் இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் தன் கார்டைக் காலி செய்வார். நானும், "இருக்குதுங்கக்கா" என்பேன்.

இருக்கவில்லை. கடையில் இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். இடம் போதாமல் அடிக்கடி நின்று போகும். வேலை முடிந்த படங்களின் அசல்களை நான் அவ்வப்போது அழித்துவிடுவேன். துணியும் கழியும் ஓரத்தில் யாரோ இரண்டு பேரும், இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தேன். அழித்துவிட்டு இருக்கிறது என்று சொல்வது, முதல் தடவை மட்டும்தான் கொஞ்சம் உறுத்தியது.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. ஒரு தை மாதத்துக் காலையில் அக்கா ஒரு பெண்ணோடு கடைக்கு வந்தார். திண்ணனூர் நாட்டில் ஒரு சிற்றூர்க்காரப் பெண். அந்தப் பெண்ணின் முகத்தை எனக்குத் தெரியும். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அவளை வெட்டி வெள்ளையில் வைத்தது நான்தான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் அம்மா போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். கல்யாணப் படத்தில் அம்மாவும் இருக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது.

அம்மாவின் படமாக அவள் கொண்டுவந்தது ஓர் அடையாள அட்டை. எல்லோருக்கும் இருக்கிற மாதிரிதான் அதிலும் இருந்தது, யாரோ அதட்டிவிட்ட மாதிரி விழித்துக்கொண்டு. நான் அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். பெண் திரையைப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள்.

"இது எங்கம்மா இல்லீங்கக்கா" என்றாள் என்னிடம். "அம்மாதானுங்க. ஆனா எங்கம்மா இப்படி இருக்க மாட்டாங்க. இந்த மூஞ்சி என்ற பக்கத்துல வேண்டாமுங்க."

"அதுக்குத்தான் இங்க கூட்டியாந்தேன்" என்றார் அக்கா. "இவளப் படம் எடுத்தன்னைக்கு இவ அம்மாதான் துணி புடிச்சாங்க. நல்லாப் பாத்து நின்னாங்க. அசல எடு கண்ணு."

நான் மவுஸைப் பிடித்தேன். எங்கேயோ தேடுகிற மாதிரி நாலைந்து இடத்தைத் திறந்து மூடினேன். இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை.

"அழிச்சுட்டேனுங்கக்கா."

"இதையா?"

"எல்லாத்தையும். வேலை முடிஞ்சதெல்லாம் அழிச்சுருவேன்."

"இருக்குது, இருக்குதுன்னு சொன்னியே."

அக்கா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ இருக்குதுன்னு சொன்னதுக்கப்புறந்தானே கண்ணு நான் கார்டக் காலி பண்ணுனேன்" என்று மட்டும் சொன்னார். குரல் உயரவே இல்லை. எழுந்து வெளியே போய், மலைக்குப் போகிற பஸ்கள் நிற்கிற பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் அடையாள அட்டையை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இந்த இரண்டு வருடத்தில் நான் வெட்டிப் போட்ட ஓரத்து ஆட்கள் எத்தனை பேர், அதில் இப்போது இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. பயமாக இருந்தது.

அக்கா திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "அன்னைக்கு இவ ரெண்டு தடவ கண்ண மூடிட்டா. மூணாவதுதான் சரியா வந்துது. மூடுனத என்ன பண்ணுன?"

தேறாத படங்களை நான் ஒரு தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைப்பேன். கண் மூடினது, கை ஆடினது, கோழி வந்தது எல்லாம் அதில் கிடக்கும். வேலை முடிந்தவற்றை அழித்த நான், வேலைக்கு ஆகாதவற்றை அழிக்கவே மறந்துபோயிருந்தேன். சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை. ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தோம். பச்சைச் சுடிதாரில் அந்தப் பெண், கண்ணை இறுக மூடிக்கொண்டு. பின்னால் நீலத் துணி. இடது ஓரத்தில் அவள் அப்பா, விறைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தபடி. வலது ஓரத்தில் அம்மா. இலைப்பச்சைச் சேலை, இரண்டு கையாலும் மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு, அக்கா சொன்ன மாதிரி நேராகப் பார்க்காமல், மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் பாதி திறந்திருந்தது.

"'கண்ணத் தொற புள்ள'ன்னாங்க" என்றாள் அந்தப் பெண். "அப்பத்தான் எடுத்தாங்க." அக்கா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் தொழில் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. அம்மாவை வெட்டியெடுப்பது பெரிய பாடு. பின்னால் பந்தல் மாதிரி மிளகுக் கொடி, அதே பச்சையில் சேலை. எது இலை, எது முந்தானை என்று எனக்கே தெரியவில்லை. போதாததற்குக் கையில் கழி. கழியை எடுத்துவிட்டால் கல்யாண மேடையில் அந்தம்மா வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "மூணு நாள் ஆகும். அப்பவும் சரியா வரும்னு சொல்ல முடியாதுங்கக்கா" என்றேன்.

அக்கா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துணியையும் கழியையும் விரலால் அளக்கிற மாதிரி ஏதோ செய்தார். பிறகு சொன்னார். "அவிங்கள வெட்ட வேண்டாம் கண்ணு. அவிங்க அங்கயே இருக்கட்டும். துணிய வெட்டு."

எனக்குப் புரியவில்லை.

"கல்யாணம் முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளைய அதே வாசலுக்குக் கூட்டிட்டுப் போவோம். அதே எடம், அதே நேரம், அதே துணி. அப்பா அவரு பக்கத்தப் புடிக்கட்டும். நான் நின்ன எடத்துலயே நின்னு எடுக்கறேன். நீ பொண்ணு மாப்பிள்ளைக்கும் அவ அம்மா கழிக்கும் நடுவுல துணியில ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கம் பழைய படம், இந்தப் பக்கம் புதுப் படம்னு ஒட்டு. வெறும் நீலத்துல ஒட்டுனா ஒட்டு தெரியுமா?"

தெரியாது. இத்தனை வருடம் இந்த வேலை செய்கிற எனக்கு அது தோன்றவில்லை. அந்தத் துணியை எடுத்துப் போடத்தான் நான் பழகியிருந்தேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை என்னையும் மலைக்கு வரச் சொன்னார். படம் எடுக்கும் இடத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. பழைய படத்தை என் போனில் வைத்துப் பார்த்துப் பார்த்து, வாசலில் அக்கா தன் கால் இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். வெயில் அதே பக்கம் வரும்வரை எல்லோரையும் காக்க வைத்தார். குண்டூர் நாட்டு மாப்பிள்ளை பொறுமைசாலி. அப்புறம் பெண் உள்ளேயிருந்து வந்தாள். மாப்பிள்ளை வீட்டில் எடுத்துக் கொடுத்த சேலை. மயில் கழுத்து நிறம்.

நான் அக்காவைப் பார்த்தேன். ஊரில் அத்தனை பேரிடமும் கேட்டவர் இவளிடம் மட்டும் கேட்டிருக்கவில்லை. "இன்னைக்குத் துணிய எடுக்கப் போறதில்லையே. எந்தக் கலரா இருந்தா என்ன? நல்லாருக்குது சாமி" என்றார் அந்தப் பெண்ணிடம்.

அவள் அப்பா தன் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கழியைப் பிடிக்க மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "இருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "நீ புடி கண்ணு."

துணி பச்சைப் பக்கமாக இருந்தது. "நீலப் பக்கம் திருப்புங்க" என்றார். அந்த அப்பாவும் நானும் இடம் மாறி நடந்தோம். நடுவில் முட்டிக்கொள்ளப் பார்த்தோம். அவர் நின்று, எனக்கு வழி விட்டு, "போன தடவையும் இப்படித்தானுங்க" என்றார். அவர் மனைவி நின்ற இடத்தில், மிளகுக் கொடிக்கு முன்னால், நான் போய் நின்றேன். கழி கனமில்லைதான். ஆனால் அக்கா எடுத்து முடிப்பதற்குள் கை கடுத்துவிட்டது. முந்தானையைச் சரி பண்ணச் சொன்னார். பண்ணினேன். "இங்க பாரு" என்றார். நேராகப் பார்த்தேன்.

கடையில் ஒட்டு வேலை சீக்கிரம் முடிந்தது. இடையில் துணி கொஞ்சம் வெளுத்திருந்தது, அதை மட்டும் சரி செய்ய வேண்டியிருந்தது. நடுவில் நின்றவர்களுக்கும் வலது கழிக்கும் இடையே, வெறும் நீலத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடு. கோட்டுக்கு வலது பக்கம் நின்ற என்னை எடுத்துவிட்டு அந்த அம்மாவை வைத்தேன். நான் வெட்டிப் போட்ட ஓரத்து ஆட்களில் கடைசி ஆள் நான்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். இடது பக்கம் அப்பா, இரண்டு வருடம் முன்பிருந்த அதே விறைப்பில். வலது பக்கம் அம்மா, மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. இந்தத் தடவை மகளின் கண் திறந்திருந்தது.

"அசல் இருக்குதா கண்ணு?" என்று கேட்டார் அக்கா.

"ரெண்டும் இருக்குதுங்கக்கா" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டுக் கார்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதைக் காலி செய்யவில்லை என்று பிறகு சொன்னார். என் பேச்சை நம்பி அவர் அதற்குப் பிறகு எந்தக் கார்டையும் காலி செய்யவில்லை. அதற்காக என்னிடம் கோபமாகவும் இல்லை.

நான் கல்யாணமாகி சேலத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது போனிலேயே ஆளின் மேல் விரலை வைத்து அழுத்தினால் பின்னால் இருப்பதெல்லாம் போய்விடுகிறது. மிளகுக் கொடியென்றாலும் சரி, கோழியென்றாலும் சரி. துணியே தேவையில்லை. போன தீபாவளிக்குப் பேசும்போது அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "எது போகோணும், எது இருக்கோணும்னு அது யாரக் கேட்டு எடுக்குது?" என்றார். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவர் போனிலும் அது இருக்கிறது. ஆனாலும் இன்னமும் அந்தச் சுருளை அணைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாராம்.

அந்தக் கல்யாணப் படத்தைச் சட்டம் போட்டு, அக்காவும் நானும்தான் குண்டூர் நாட்டுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாப்பிள்ளையின் அம்மா அதை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்து, தள்ளி நின்று பார்த்தார். சுற்றி இருந்தவர்களும் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு குறை.

"ஏனுங்க, பின்னால துணிய எடுக்காம அப்படியே உட்டுட்டீங்களே. ஒரு அரமணை, ஒரு அருவி வெச்சிருந்தா எடுப்பா இருந்திருக்கும். எடுக்க மறந்துட்டீங்களா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் எங்களுக்கு டீ கொண்டுவந்துகொண்டிருந்தாள். நின்று, படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அத எப்படிங்கத்தை எடுக்கறது? எங்கம்மா புடிச்சிட்டு நிக்கறாங்கல்ல."